ஒருசந்தி கடல் தாண்டட்டும்

(தீவகப் பங்கு ஒன்றில், தவக்கால வெள்ளிக்கிழமை மாலைச் சிலுவைப்பாதைக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் முழங்காலில் நின்று முடித்திருக்கிறீர்கள். விடியப்புறம் கடலுக்குப் போன களையோடு வந்தவர்கள் இருக்கிறீர்கள். காலையில் இருந்து ஒருசந்தி, அதாவது ஒருவேளைச் சாப்பாட்டு நோன்பு, இருக்கிறவர்களும் இருக்கிறீர்கள். இயலாதவர்கள் வாங்கில் இருந்துகொள்ளுங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய்மார் யாராவது சாப்பிடாமல் வந்திருந்தால், உரை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். எழும்பிப் போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். உங்களிடம் அந்தப் பசியைத் திருச்சபை கேட்கவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கேட்ட கேள்வியை வைத்துத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். "ஃபாதர், நோன்பு இருக்கிறது வெளியில தெரியக்கூடாது, முகத்தைக் கழுவி தலைக்கு எண்ணெய் வையுங்கோ எண்டு இயேசு சொன்னவர்தானே? பிறகு ஏன் கோயில்ல அறிவிச்சு, எல்லாரும் ஒண்டாச் சேர்ந்து ஒருசந்தி இருக்கிறம்?"

நல்ல கேள்வி. பெரியவர்கள் பலர் மனதுக்குள் வைத்துக்கொண்டு கேட்காமல் விட்ட கேள்வியும் கூட.

மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் தர்மம், செபம், நோன்பு என்ற மூன்றையும் ஒரே வரிசையில் எடுத்துப் பேசுகிறார். மனிதர் பார்க்கவேண்டும் என்பதற்காக இவற்றைச் செய்யாதீர்கள் என்கிறார். தெருமூலையில் நின்று செபிக்கிறவனும், வாடிய முகத்தைக் காட்டித் திரிகிறவனும் தங்களுக்குரிய கூலியைப் பெற்றாயிற்று. ஊர் பார்த்தது, அதோடு கணக்குத் தீர்ந்தது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு செபி என்று சொன்ன அதே இடத்தில், அடுத்த மூச்சிலேயே, நாங்கள் பரலோக மந்திரம் என்று சொல்லிப் பழகிய செபத்தையும் அவர் கற்றுக்கொடுக்கிறார். அந்தச் செபத்தில், சாத்திய அறைக்குள் தனியே முழங்காலில் நிற்கிறவன்கூடத் தனக்கு மட்டும் உணவு கேட்க முடியாது. எல்லாருக்குமாகத்தான் கேட்கலாம். கடனை மன்னிக்கக் கேட்பதும் எல்லாருக்குமாகத்தான். பக்கத்து வீட்டை வெளியில் விட்டுவிட்டு அந்தச் செபத்தைச் சொல்ல வழியே இல்லை.

ஆகவே பிள்ளைக்கு நான் சொல்லும் பதில் இது. இயேசு தடுத்தது வேடத்தை. ஒன்றுகூடுவதை அவர் தடுக்கவில்லை. அவர் பிறந்த மக்களினமே பாவக்கழுவாய் நாளில் முழு இனமாகச் சேர்ந்து நோன்பிருந்த இனம். இறைவாக்கினர் யோவேலின் காலத்தில் வெட்டுக்கிளி வந்து வயலைத் தின்று தீர்த்தது. கோயிலில் காணிக்கை வைக்கத் தானியம் இல்லை. அவரவர் வீட்டில் இருந்து அழுங்கள் என்று யோவேல் சொல்லவில்லை. எக்காளம் ஊதச் சொன்னார். முதியவரைக் கூட்டு, பால்குடிப் பிள்ளையைக் கூட்டு, மணவறையில் இருக்கிற மாப்பிள்ளையையும் பெண்ணையும் கூட வெளியில் வரச் சொல் என்றார். யோனா போன நினிவே நகரத்தில் அரசன் அரியணையை விட்டிறங்கிச் சாம்பலில் குந்தினான். ஆடு மாடுகளுக்கும் அன்று தீன் இல்லை. அரசனும் மாடும் ஒரே பசியில் இருந்த நாள் அது! அந்த ஊரை இறைவன் அழிக்கவில்லை.

புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். திருத்தூதர் பணிகள் 13ஆம் அதிகாரம் அந்தியோக்கியாவில் இருந்த சபையைக் காட்டுகிறது. அந்தச் சபையின் தலைவர்களைப் பாருங்கள். பர்னபா சைப்பிரஸ் தீவுக்காரர். லூக்கியு வட ஆபிரிக்காவில் உள்ள சிரேன் ஊரவர். மனாயீன் ஏரோதின் அரண்மனையில் வளர்ந்தவர். சவுலோ சில ஆண்டுகளுக்கு முன்வரை கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கட்டி இழுத்தவர். ஒருவரோடொருவர் ஒரே பாயில் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லாத மனிதர்கள். இவர்கள் சேர்ந்து வழிபட்டு, சேர்ந்து நோன்பிருந்தபோதுதான் தூய ஆவியார் பேசினார் என்று எழுதியிருக்கிறது. பர்னபாவையும் சவுலையும் பிரித்து அனுப்பச் சொன்னார். மறுபடியும் நோன்பிருந்து, செபித்து, கைகளை வைத்து அனுப்பினார்கள். அவர்கள் முதலில் எங்கே போனார்கள் தெரியுமா? செலூக்கியாத் துறையில் கப்பல் ஏறி சைப்பிரசுக்கு. கிறிஸ்தவ சபை ஒன்று சேர்ந்திருந்த நோன்பின் முதற்பலனாக நாங்கள் வாசிப்பது, ஒரு தீவுக்குப் புறப்பட்ட கப்பலை. தீவில் பிறந்த நாங்கள் இந்த வரியைக் கொஞ்சம் நின்று வாசிக்கலாம்.

சேர்ந்து செய்வதன் பலத்தைக் கரைவலை இழுத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒருவன் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அந்தக் கயிற்றைத் தனியே பிடித்துக் கரை சேர்க்க ஏலாது. இரண்டு பக்கத்திலும் ஆட்கள் நின்று, ஒரே அம்பாப் பாட்டுக்கு ஒரே மூச்சில் இழுக்கவேண்டும். திருச்சபைச் சட்டமும் இதையே தன் மொழியில் சொல்லுகிறது. 1983இல் வெளிவந்த சட்டத்தொகுப்பின் 1249ஆம் இலக்கம், ஒவ்வொரு விசுவாசியும் தனக்குரிய வழியில் தவம் செய்யக் கடமைப்பட்டவன் என்கிறது. அதோடு நிறுத்தாமல், எல்லாரும் ஒரு பொது அனுசரிப்பால் ஒருவரோடொருவர் இணைய வேண்டும் என்பதற்காகவே தவ நாட்கள் குறிக்கப்படுகின்றன என்றும் சொல்லுகிறது. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்களாக இருப்பது இதற்காகத்தான். கடமை 18 வயது நிறைந்து 60ஆம் வயது தொடங்காதவர்களுக்கு மட்டும். சுத்தபோசனம் 14 வயதில் இருந்து.

சுத்தபோசனம் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடாமல் விடுவது தீவகத்தில் இருக்கிற எங்களுக்குப் பெரிய ஒறுத்தல் இல்லை. நண்டும் இறாலும் வீட்டு வாசலில் இறங்குகிற ஊர். இறைச்சியை விட்டுவிட்டு நண்டுக் கறியோடு வயிறாரச் சாப்பிட்டால் சட்டத்தை மீறவில்லைத்தான். ஆனால் எவருடைய பசியும் எங்களைத் தொடவில்லை. விற்கலாம் என்று வைத்திருக்கிற அந்த நண்டை விற்று, அந்தக் காசை வேறொரு வீட்டுக்கு அனுப்பினால் அது எங்கள் ஊருக்கேற்ற சுத்தபோசனம்.

பசி என்றால் என்ன என்று இந்த மண்ணுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வயிற்றுப் பசி மட்டுமல்ல, திருப்பலிக்கான பசியும் இதற்குத் தெரியும். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். குருவுக்கு ஒளிப்பிடம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஆணை போட்டார்கள். ஏறக்குறைய 30 ஆண்டுகள் இங்கே குருவே இல்லை. திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஆனாலும் விசுவாசம் அணையவில்லை. 1687இல் பிச்சைக்காரன் வேடத்தில் கரையிறங்கிய ஜோசப் வாஸ் அடிகள், நோயில் விழுந்து எழும்பி, மெல்ல மெல்ல விசாரித்துப் பார்த்தபோது இன்னும் செபிக்கிற குடும்பங்கள் இருந்தன. அவர் சில்லாலையில் தங்கி, பகலில் மறைந்து, இரவில் வீடுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். குருவில்லாத அந்த 30 ஆண்டுகளைத் தனித்தனி ஆட்களின் பக்தி தாங்கியிருக்காது. கூடிச் செபித்த வீடுகள்தான் தாங்கின.

அதே ஜோசப் வாஸ் அடிகள் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்று அங்கே சிறையில் போட்டார்கள். பிறகு நாட்டில் பெரும் வறட்சி வந்தது. விமலதர்மசூரிய மன்னன் பௌத்தன். மழைக்காக அடிகளிடமும் செபிக்கக் கேட்டான். அடிகள் வெளியில் ஒரு பீடம் எழுப்பி, சிலுவையை நட்டு, முழங்காலில் நின்றார். மழை பெய்தது என்று திருச்சபை மரபு சொல்லுகிறது. மழையின் அற்புதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, தன்னைச் சிறையில் போட்ட ஊருக்காக அவர் செபித்தது. கத்தோலிக்கர் வயலுக்கு மட்டும் மழை கேட்க ஏலாது. 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, இந்த நாட்டுக்கு முதற் புனிதர் கிடைத்தார். அவருடைய மாதிரியில் ஒருசந்தி இருப்பதென்றால், எனக்குத் தீங்கு செய்தவனுக்காகவும் அந்தப் பசி போகவேண்டும். இன்றைய உரையின் மையம் இதுதான்.

எங்கள் காலத்துப் பசியையும் சொல்லவேண்டும். 2006 ஓகஸ்டில் போர் மறுபடி மூண்டு, ஏ-9 வீதி மூடப்பட்டது. குடாநாடும் தீவகமும் வெளியுலகத்தில் இருந்து துண்டுபட்டன. மாவுக்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. ஓகஸ்ட் 13இல் அல்லைப்பிட்டி பிலிப்பு நேரியார் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மேல் எறிகணை விழுந்தது. கோயிலுக்குள் உயிர்கள் போயின. எஞ்சியவர்களோடு நின்ற பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளாரும், அவரோடு போன பொதுநிலைத் தொண்டர் ஒருவரும் ஓகஸ்ட் 20இல் காணாமற்போனார்கள். இன்றுவரை அவர்களைப் பற்றிப் பதில் இல்லை. அந்த நாட்களில் எங்கள் சனம் பட்டினி கிடந்தது. அது நோன்பு இல்லை. நோன்பு நானே தேர்ந்துகொள்வது, பட்டினி என்மேல் சுமத்தப்படுவது. இரண்டையும் ஒன்றாக்கி, ஏழையிடம் உன் பசியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு என்று சொல்லுகிற பிரசங்கத்தை நான் ஒருநாளும் செய்யமாட்டேன். ஏழைக்குச் சோறு கொடுக்கத்தான் எனக்குக் கட்டளை.

2022ஐயும் மறக்கவில்லை. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்கு ஏறியது. வள்ளங்கள் கரையில் கிடந்தன. தொழிலுக்குப் போகாதவன் வீட்டில் அடுப்பு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆதித் திருச்சபை இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட எர்மாசின் 'மேய்ப்பர்' என்ற நூல் நோன்புக்கு ஒரு முறை சொல்லுகிறது. நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள். மற்ற நாளில் சாப்பிட்டிருக்கக்கூடிய உணவுக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் பார். அந்தத் தொகையைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ கொடு. அதே நூற்றாண்டில் அரிஸ்தீதஸ் என்பவர் உரோமைப் பேரரசனுக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதும்போது இன்னும் ஒருபடி மேலே போகிறார். தங்களிடையே ஒரு ஏழை இருந்து, கொடுக்க அவர்களிடமே மிச்சம் இல்லாவிட்டால், இரண்டு மூன்று நாள் தாங்கள் நோன்பிருந்து அந்த உணவை அவனுக்குக் கொடுப்பார்கள் என்கிறார். மிச்சம் இருந்து கொடுத்தவர்கள் இல்லை. கொடுப்பதற்காக மிச்சத்தை உண்டாக்கியவர்கள். எங்கள் பாட்டிமார் உலை வைக்கும்போது பிடியரிசி எடுத்து வைத்தார்களே, அது இதே வழிதான்.

அதற்கு எதிர்ப்பக்கம் கொரிந்துச் சபை. அங்கே ஆண்டவரின் விருந்துக்குக் கூடுகிறார்கள். ஒருவன் பசியோடு இருக்கிறான், இன்னொருவன் குடித்து வெறியோடு இருக்கிறான். பவுல் அவர்களைக் கண்டித்த வேகத்தை வாசித்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறும். ஒரே கூரைக்குக் கீழே ஒரே பசி இல்லாவிட்டால் அந்த விருந்து விருந்தே இல்லை என்பது அவர் தீர்ப்பு.

தவக்கால வெள்ளியில் கோயில் வளவில் கஞ்சி காய்ச்சிப் பகிர்கிற நாளில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வேம்புக்குக் கீழே கல் அடுப்பில் பெரிய கிடாரம். பச்சையரிசி, பயறு, தேங்காய்ப் பால், உப்பு, அவ்வளவுதான். புகை கண்ணில் அடிக்க அம்மாமார் துடுப்பைக் கிண்டுகிறார்கள். சிலர் பழையபடி பனையோலைப் பிளா கோலிக்கொண்டு வருவார்கள், சிலர் வீட்டுக் கோப்பையோடு. சம்மாட்டியும் அவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போகிறவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அகப்பையில் எல்லாருக்கும் ஒரே அளவு. ஒருநாள் ஒரு ஆச்சி தனக்கு வார்த்த கஞ்சியில் பாதியை ஒரு சிறு வாளியில் ஊற்றி மூடினார். நடக்கமுடியாத பக்கத்து வீட்டுக்காரிக்கு என்றார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி வேலிச் சண்டையில் அவரோடு கதைக்காமல் விட்டவர் என்பது ஊருக்கே தெரியும். ஆச்சி ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

18ஆம் நூற்றாண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்கால இரவுகளில் நாங்கள் இராகமிழுத்து ஓதுகிறோம், அழுகிறோம். அழுதுவிட்டு வேலிச் சண்டையோடு வீட்டுக்குப் போனால் அந்தக் கண்ணீர் எங்கே போய்ச் சேரும்?

இனி வேலியைவிடப் பெரிய எல்லைக்கு வருகிறேன்.

இறைவாக்கினர் எசாயாவின் 58ஆம் அதிகாரத்தில் மக்கள் இறைவனிடம் முறைப்பாடு செய்கிறார்கள்: நாங்கள் நோன்பிருக்கிறோம், நீர் ஏன் பார்க்கவில்லை? இறைவன் சொல்லும் பதில் நேரானது. நீங்கள் நோன்பிருந்துகொண்டே சண்டை பிடிக்கிறீர்கள், கைமுட்டியால் அடிக்கிறீர்கள், கூலிக்காரனைப் பிழிகிறீர்கள். கட்டுகளை அவிழ்ப்பதும், பசித்தவனோடு உணவைப் பகிர்வதும்தான் நான் விரும்பும் நோன்பு என்கிறார்.

எங்கள் மண் நோன்பைப் போராட்டமாகவும் அறியும். 1987 செப்டெம்பர் 15இல் நல்லூரில் தண்ணீரும் அருந்தாமல் இருக்கத் தொடங்கிய, விடுதலைப் புலிகள் இயக்கத்துத் திலீபன் 26ஆம் திகதி இறந்ததை நேரில் பார்த்தவர்கள் இங்கே இருக்கலாம். 2024 மார்ச்சில், இந்திய இழுவைப் படகுகள் எங்கள் கடலை அழிக்கின்றன என்று வடபகுதிக் கடற்றொழிலாளர் யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் உணவு தவிர்ப்பில் இருந்தார்கள். அக்கரையில் இராமேஸ்வரத்திலும் தங்கச்சிமடத்திலும், எங்கள் ஆட்களைச் சிறைப்பிடிக்கிறார்கள், படகைப் பறிக்கிறார்கள் என்று அவர்களும் உண்ணாவிரதப் பந்தல் போடுகிறார்கள். அதே 2024இல் அவர்கள் கச்சதீவுத் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். அந்த ஆண்டு அந்தோனியார் சந்நிதியில் அக்கரைப் படகுகள் இல்லை. அதே ஆண்டின் நடுவில், சில வார இடைவெளியில், வடகடலில் கடற்படையைச் சேர்ந்த ஒருவரும் இராமேஸ்வரத்து மீனவர் ஒருவரும் உயிரிழந்தார்கள். இரண்டு வீட்டிலும் ஒப்பாரி.

இக்கரையும் பட்டினி கிடக்கிறது, அக்கரையும் பட்டினி கிடக்கிறது. இரண்டும் தமிழ் வயிறுகள், அவற்றில் பல கத்தோலிக்க வயிறுகள், ஒரே அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவர்கள். ஆனால் ஒருவருக்கெதிராக ஒருவர் பசித்திருக்கிறோம்.

நியாயத்தை நான் மூடி மறைக்கவில்லை. இழுவைமடி கடலடியைச் சுரண்டி எடுக்கிறது. குஞ்சையும் முட்டையையும் தின்கிறது. இரவில் நீங்கள் விரித்த வலையை அறுத்துக்கொண்டு போகிறது. அறுந்த வலைக்கு வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் இந்தக் கோயிலுக்குள்ளேயே இருக்கிறீர்கள். 2017இல் எங்கள் நாட்டுச் சட்டம் அதைத் தடைசெய்தது. சரியான சட்டம். இழுவைமடித் தொழில் நிற்கவேண்டும் என்று அக்கரை மேடையில் நின்றும் நான் சொல்வேன். ஆனால் அந்தப் படகில் வருகிறவன் யார்? பெரும்பாலும் படகுக்குச் சொந்தக்காரன் இல்லை. பங்குக்கூலிக்கு ஏறியவன். யாழ்ப்பாணச் சிறையில் அவன் இருக்கிற நாட்களில் பாம்பனில் அவன் வீட்டில் உலை ஏறுவதில்லை. அந்த வீட்டுப் பசி எசாயாவின் கணக்கில் வராதா?

கச்சதீவைப் பாருங்கள். 285 ஏக்கர் நிலம். குடியிருப்பவர் ஒருவரும் இல்லை, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. 1974 ஒப்பந்தத்தில் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்று இரண்டு அரசாங்கங்கள் தீர்மானித்தன. ஆனாலும் இந்தியப் பக்தர்கள் அங்கே வந்துபோகும் வழக்கத்தை அந்த ஒப்பந்தமே விட்டுவைத்தது. அந்தச் சிற்றாலயத்தை முதலில் கட்டியவர் இராமநாதபுரம் பக்கத்து மீனவர். அதை இன்றைக்குப் பராமரிப்பது யாழ்ப்பாண மறைமாவட்டம். திருவிழாவை நடத்துவது நெடுந்தீவுப் பங்கு. போர்க்காலத்தில் பல ஆண்டுகள் தடைப்பட்டு, பிறகு மீண்டது. 2016 டிசம்பரில் புதிய ஆலயம் திறக்கப்பட்டது. திருவிழா எப்போதும் தவக்காலத்தில் வருகிறது. முதல்நாள் மாலை சிலுவைப்பாதை. இக்கரையானும் அக்கரையானும் மாறிமாறித் தோள்கொடுத்து மரச்சிலுவையைச் சுமந்து மணலில் நடக்கிறார்கள். இரவு வெறுந்தரையில் படுக்கை. மறுநாள் காலையில் திருப்பலி. சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று குருவானவர் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கிறவனுடைய படகு போன மாதம் என் வலையை அறுத்த படகாகவும் இருக்கலாம். அந்தக் கையைப் பிடிப்பதற்குத்தான் நோன்பு என்னைப் பழக்கவேண்டும். அந்தியோக்கியாவில் பிடித்துக் கட்டியவனும் ஒளித்து ஓடியவனும் ஒரே பாயில் இருந்தார்கள் என்று சொன்னேன் அல்லவா?

திருத்தூதர் பணிகளின் கடைசிப் பகுதியிலும் ஒரு கடற்பயணம் இருக்கிறது. பவுல் கைதியாக உரோமைக்குப் போகிறார். நோன்பு நாள் கடந்துவிட்டது, இனிக் கடல் ஆபத்து என்று அவர் எச்சரித்தார். வாடை தொடங்கிய பிறகு வள்ளம் எடுக்காதே என்று எங்கள் அப்புமார் சொல்லுகிற மாதிரி. கப்பலை நடத்தியவர்கள் கேட்கவில்லை. புயல் பிடித்தது. 276 பேர், 14 நாள், பயத்தில் ஒருவரும் சாப்பிடவில்லை. அப்போது பவுல் அவர்களை நோன்பிருக்கச் சொல்லவில்லை. சாப்பிடுங்கள் என்றார். எல்லாருக்கும் முன்னால் அப்பத்தை எடுத்து, நன்றி சொல்லி, பிட்டு, உண்ணத் தொடங்கினார். மற்றவர்களும் தெம்படைந்து உண்டார்கள். படைவீரன், மாலுமி, கைதி, எல்லாரும். கப்பல் உடைந்தது, ஒரு உயிரும் போகவில்லை. கரையேறிய இடம் மால்த்தா, ஒரு தீவு. மழையும் குளிரும். யார் எவர் என்று கேட்காமல் தீவுச் சனம் நெருப்பு மூட்டி அவர்களை வரவேற்றது. விவிலியம் தீவு மக்களைப் பற்றி நன்றியோடு எழுதிவைத்திருக்கிற செய்தி அது. இயந்திரம் பழுதாகி நெடுந்தீவுக் கரையில் ஒதுங்கிய அக்கரைப் படகுக்காரனுக்குத் தேத்தண்ணியும் மாற்றுச் சாரமும் கொடுத்தவர்கள் உங்களுக்குள் இருக்கிறீர்கள். அதைப் பெரிதாகச் சொல்லித் திரிந்தவர்கள் இல்லை நீங்கள். ஆண்டவர் சொன்ன மறைவான தர்மம் அதுதான்.

அயலவரையும் நினையுங்கள். 2025இல் பெப்ரவரி 26 மகா சிவராத்திரி, மார்ச் 2 முஸ்லிம் சகோதரர்களின் நோன்புத் தொடக்கம், மார்ச் 5 எங்கள் திருநீற்றுப் புதன். எட்டு நாளுக்குள் முழு வடக்கும் ஏதோ ஒரு விதத்தில் வயிற்றைக் காயப்போட்டது. நயினாதீவு அம்மனுக்கு விரதம் இருக்கிற அக்காவும் நீங்களும் குறிகட்டுவானில் ஒரே படகுக்குத்தான் காத்திருக்கிறீர்கள். அவருடைய பசியை மதியுங்கள், விசாரியுங்கள்.

கச்சதீவுத் திருவிழா நெருங்குகிறது. உங்களிடம் கேட்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை முழுப் பங்கும் ஒருசந்தி. வருத்தக்காரரும், பிள்ளைத்தாய்ச்சிகளும், சிறுபிள்ளைகளும், அன்று கடலில் கடும் வேலை உள்ளவர்களும் சாப்பிடுங்கள். செபத்தில் மட்டும் சேருங்கள். மற்றவர்கள் விட்ட சாப்பாட்டின் அரிசியையோ காசையோ மாலைச் சிலுவைப்பாதைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். பீடத்தின் கீழே ஒரு சாக்கும் ஒரு உண்டியலும் இருக்கும். பெயர் எழுதத் தேவையில்லை, அளவும் பார்க்கமாட்டோம். அதில் ஒரு பங்கு, வலை அறுந்து தொழிலுக்குப் போகமுடியாமல் இருக்கிற எங்கள் குடும்பங்களுக்கு. மறு பங்கு, சிறையில் இருக்கிற அக்கரை மீனவரின் குடும்பங்களுக்கு. கச்சதீவுக்கு வருகிற அக்கரைக் குருக்களின் கையில் கொடுத்துவிடுவோம். இரண்டாவது பங்கைப் பற்றி மனவருத்தம் உள்ளவர்கள் என்னிடம் வாருங்கள், இருந்து கதைப்போம்.

யாரோடாவது கதைபேச்சு இல்லாமல் இருக்கிறவர்கள், அந்த வெள்ளிக்கு முன் அந்த வீட்டு வாசலுக்கு ஒருதரம் போய் வாருங்கள். கச்சதீவுக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயரைப் பங்குமனையில் கொடுத்துவிடுங்கள். அடையாள அட்டை மறக்கவேண்டாம், குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். அங்கே சிலுவை சுமக்கும்போது பக்கத்தில் தோள்கொடுக்கிற அக்கரைத் தம்பியிடம் அவன் வீட்டில் எத்தனை பேர், தாய் தகப்பன் சுகமா என்று கேளுங்கள்.